ஃபைவ் மினிட் ஜர்னல் ரிவ்யூ: நல்ல டைரி தான், ஆனா ஒரு கேள்வி கொறையுது

இந்த டைரிய வாங்கலாமா வேணாமான்னு தெரிஞ்சவங்க நிறைய பேரு கேட்டுட்டாங்க, அதுலயும் ஆன்லைன்ல விலைய பாத்துட்டு தயங்கி நிக்கிறவங்க தான் ஜாஸ்தி, ரொம்ப நாளா விடாம எழுதிட்டு வர்றதால எனக்கு இதுல சொல்றதுக்கு நெறைய இருக்கு, அதான் கொஞ்சம் விரிவாவே எழுதிடுறேன்.

மொதல்ல இது என்னன்னு தெரியாதவங்களுக்கு. இன்டெலிஜென்ட் சேஞ்ச்னு ஒரு கம்பெனி, அலெக்ஸ் ஐகான், யூ.ஜே. ராம்தாஸ்னு ரெண்டு பேரு சேந்து ஆரம்பிச்சது, அவங்க 2013ல கொண்டு வந்த டைரி இது. ஒரு நாளுக்கு ஒரு பக்கம், அவ்வளவுதான். மேல் பாதி காலைல எழுந்ததும் எழுதணும், கீழ் பாதி ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி. காலைல மூணு கேள்வி. இன்னைக்கு எதையெல்லாம் நெனச்சு நன்றியா இருக்கீங்க, இன்னைக்கு நாள் நல்லா அமையணும்னா என்னென்ன நடக்கணும், கடைசியா உங்களப் பத்தி நீங்களே ஒரு நல்ல வாக்கியம், இத அஃபர்மேஷன்னு சொல்றாங்க. ராத்திரிக்கு, இன்னைக்கு நடந்த நல்லது என்ன, இன்னைக்கு என்ன கத்துக்கிட்டீங்க. பேருக்கு ஏத்த மாதிரி மொத்தமே அஞ்சு நிமிஷ வேலை தான்.

தேதி அச்சடிச்சு வராது, நாமளே போட்டுக்கணும். இது எனக்கு ரொம்ப பிடிச்சது, ஏன்னா தேதி போட்ட டைரில நாலு நாள் விட்டுட்டா அந்த காலி பக்கத்த பாக்கும்போதே அடுத்து எழுதற மனசு போயிடும், இதுல அந்த பிரச்சன இல்ல, விட்ட எடத்துலேந்து தொடரலாம். அட்டை துணி மாதிரி சொரசொரப்பா இருக்கும், கைல பிடிக்க நல்லாருக்கு, விரிச்சு வெச்சா ஒழுங்கா படிஞ்சு நிக்குது, நடுவுல அடையாளத்துக்கு ரிப்பன் இருக்கு. நான் வாங்குனது இங்கிலீஷ்ல தான், ஆனா கேள்வி தான் இங்கிலீஷ், நான் எழுதறது எல்லாம் தமிழ்ல, அதுவும் பேசுற தமிழ்ல. இத கண்டிப்பா சொல்லணும், மனசுக்குள்ள என்ன பாஷைல ஓடுதோ அதுலயே எழுதுங்க, இங்கிலீஷ்ல எழுதுனா பரீட்சைக்கு பதில் எழுதற மாதிரி அழகழகா வரும், நம்ம வீட்டு வாடை அதுல இருக்காது.

நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறேன், மதுரைல. ஜிஎஸ்டி 3பின்னு ஒரு வரி ரிட்டர்ன், அத போட கடைசி நாள் மாசாமாசம் 20ந் தேதி, அது முடியற வரைக்கும் கிளையன்ட் ஒவ்வொருத்தரா கடைசி நேரத்துல பில்லு அனுப்பிட்டே இருப்பாங்க, போர்ட்டல் சுத்திக்கிட்டே நிக்கும், அந்த நாலஞ்சு நாளு நல்லது எதுவும் கண்ணுலயே படாது. டைரி எடுத்தாலும் கை பழக்கத்துக்கு "உடம்பு, அம்மா, வேலை" அப்படின்னு மூணு வார்த்தை எழுதிட்டு மூடத் தோணும். இந்த டைரிய வாங்குன எல்லாருக்கும் வர்ற எடம் இது தான்னு நெனக்கிறேன், ரெண்டு மூணு வாரத்துல எல்லாரோட பக்கமும் ஒரே மாதிரி ஆயிடுது, குடும்பம், ஆரோக்கியம், நண்பர்கள், மறுபடி குடும்பம். எழுதுறோம் ஆனா ஒண்ணும் ஒறைக்கல. இதுக்கப்புறம் நிறுத்திட்டு "எனக்கு செட் ஆகல"ன்னு சொல்றவங்கள நான் நெறைய பாத்திருக்கேன், அதுல தப்பு அவங்க மேல இல்ல, இந்த கேள்வி கேக்குற விதம் அப்படி.

இத ஆராய்ச்சி பண்ணவங்களும் பாத்திருக்காங்க. சோன்யா லியுபோமிர்ஸ்கின்னு கலிஃபோர்னியால ஒரு பேராசிரியர், அவங்க குழு 2005ல சொன்னது என்னன்னா ஆறு வாரம் இப்படி எழுத வெச்சு பாத்ததுல வாரத்துக்கு ஒரு தடவ எழுதுனவங்களுக்கு தான் மனசு நல்லா ஆச்சு, வாரத்துக்கு மூணு தடவ எழுதுனவங்களுக்கு பெருசா மாத்தம் இல்ல. அப்ப தினமும் எழுதச் சொல்ற டைரிய எதுக்கு வாங்கணும்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. என்னோட அனுபவத்துல பதில் இது: ஒரே விஷயத்த திரும்பத் திரும்ப எழுதுனா தான் சலிக்குது, அன்னன்னைக்கு நடந்த சின்ன விஷயத்த, அது எப்படி நடந்துச்சு, யாரால நடந்துச்சுன்னு எழுதுனா சலிக்கிறதே இல்ல. இந்த "யாரால"ங்கிற கேள்வி தான் டைரில இல்ல. நான் ஒவ்வொரு பக்கத்துலயும் ஓரமா பென்சில்ல ஒரு கோடு போட்டு அத சேத்துக்கிட்டேன், அதுக்கப்புறம் தான் இந்த டைரி எனக்கு வேலை செஞ்சுது.

ஒரு உதாரணம் சொல்றேன். எங்க வீட்டுக்கு ஆவின் பச்ச பாக்கெட் ரெண்டு வரும், கேட்டுல ஒரு ஒயர் கூடை மாட்டி வெச்சிருப்போம், பால் போடுற தம்பி விடியறதுக்கு முன்னாடியே டிவிஎஸ் எக்ஸ்எல்ல வந்து போட்டுட்டு போயிடுவாப்ல. ஒரு நாள் காலைல எழுத ஒண்ணும் தோணாம "சூடா காபி"ன்னு எழுதிட்டு ஓரத்துல யாரால-ன்னு போட்டேன். அம்மான்னு எழுதுனேன். அப்புறம் பால்-னு தோணுச்சு, எழுந்து கேட்டுக்கிட்ட போயி பாத்தேன். கூடையோட ரெண்டு காதையும் சேத்து முறுக்கி, கேட்டு கம்பில ரெண்டு சுத்து சுத்தி, நுனிய உள்ள சொருகி வெச்சிருந்துச்சு. நான் அப்படி மாட்டுறதே இல்ல, சும்மா தொங்க தான் விடுவேன். எங்க தெருவுல பூனை ஜாஸ்தி, பாக்கெட்ட இழுத்து கிழிச்சு போட்டுரும், பக்கத்து வீட்டுல அடிக்கடி நடக்கும், எங்க வீட்டுல மட்டும் நடந்ததே இல்ல. மாசக் கடைசில காசு வாங்க வந்தப்ப கேட்டேன், நீதானப்பா இப்படி கட்டிட்டு போறன்னு. "பூனை கிழிச்சிருச்சுன்னா நீங்க எனக்குத்தானக்கா போன் போடுவீங்க"ன்னு சிரிச்சாப்ல. அவருக்கு அது தொழில் சுத்தம். ஆனா அந்த இருட்டுல, அத்தன வீட்டுக்கு போட வேண்டிய அவசரத்துல, எங்க கூடைக்குன்னு ரெண்டு சுத்து சுத்துறதுக்கு ஒரு கை வேலை செஞ்சிருக்கு. அன்னைக்கு ராத்திரி பக்கத்துல நான் எழுதுனது அந்த முடிச்ச பத்தி மட்டும் தான், மூணு கோடும் அதுக்கே போயிடுச்சு. மறுநாள்லேந்து மழை நாளுன்னா கூடைக்கு மேல ஒரு பிளாஸ்டிக் கவர் போட்டு வெக்கிறேன், அவரு கைய உள்ள விட்டா நனையாம இருக்கட்டும்னு.

இன்னொண்ணு எங்க அப்பா விஷயம். அப்பாவுக்கு ரெண்டு மூணு வருஷமாவே ஒரு சண்டை, பனியன், வேட்டி எல்லாம் மஞ்சளா இருக்கு, சொட்டு நீலம் போட்டியா இல்லையான்னு அம்மாவ போட்டு நச்சரிச்சுட்டே இருப்பாரு, அம்மாவும் பாட்டில காட்டி காட்டி ஓஞ்சு போயிட்டாங்க. அப்புறம் கண்ணுல புரை முத்திருக்குன்னு தெரிஞ்சு ஆபரேஷன் ஆச்சு. கட்டு பிரிச்சு வீட்டுக்கு வந்த அன்னைக்கு கொடில காயுற பனியன பாத்துட்டு கொஞ்ச நேரம் பேசாம நின்னாரு, ஒரு கண்ண மூடி பாக்குறாரு, இன்னொரு கண்ண மூடி பாக்குறாரு, அப்புறம் "இது இம்புட்டு வெள்ளையாவா இருக்கு"ன்னு அம்மாவ கூப்பிட்டாரு. புரை வந்தா கண்ணுக்குள்ள இருக்குற லென்ஸ் மஞ்சளடிச்சு போயிடும், நீல நெறம் சரியா உள்ள போகாது, அதனால வெள்ளை எல்லாம் மஞ்சளா தெரியும், டாக்டர் சொன்னப்ப தான் எங்களுக்கு அது புரிஞ்சுது. அம்மா அன்னைக்கு சிரிச்ச சிரிப்பு இருக்கே, அது தனி கோடு.

ஆனா நான் சொல்ல வந்தது ஓரத்துல போட்ட "யாரால"ங்கிறத தான். டாக்டர்னு எழுதலாம், நர்ஸுன்னு எழுதலாம். அந்த லென்ஸு? மதுரைக்காரங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும், ஒரு காலத்துல கண்ணுக்குள்ள வெக்கிற லென்ஸ் வெளிநாட்டுலேந்து தான் வரணும், விலை ஏழைங்களுக்கு எட்டவே எட்டாது, அதனால புரை எடுத்துட்டு சோடா பாட்டில் கண்ணாடி தான் குடுப்பாங்க, நம்ம தாத்தா பாட்டி போட்டோல எல்லாம் அந்த தடிமன் கண்ணாடிய பாத்திருப்பீங்க. 1992ல மதுரைலயே ஆரோலேப்னு ஆரம்பிச்சு இங்கயே லென்ஸ் செய்ய ஆரம்பிச்சாங்க, அதுக்கப்புறம் தான் விலை எறங்கி சாதாரண ஜனங்களுக்கும் லென்ஸ் வெக்க முடிஞ்சுது. அதுக்கு பின்னாடி நின்னது அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, அத 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்ச டாக்டர் ஜி. வெங்கடசாமி, அவரு அரசாங்க வேலைலேந்து 58 வயசுல ரிடையர் ஆயி அதுக்கப்புறம் ஆரம்பிச்சாரு, அதுவும் முடக்கு வாதத்துல வெரலெல்லாம் கோணிப் போன கையோட ஆபரேஷன் பழகிட்டு வந்த மனுஷன். ஒரு பனியன் வெள்ளையா தெரிஞ்சதுக்கு ஓரத்துல எழுத ஆரம்பிச்சா அது இவ்வளவு தூரம் போகுது. பக்கம் பத்தல, பின்னாடி காலியா இருந்த தாள்ல எழுதுனேன்.

டைரியோட முன்னுரைல ஆராய்ச்சி அது இதுன்னு சொல்றாங்க, அது சும்மா விளம்பரமான்னு சில பேருக்கு சந்தேகம் இருக்கும். இல்ல, அடிப்படை இருக்கு. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோன்னு ரெண்டு பேரு 2003ல வெளியிட்ட ஆய்வு ரொம்ப பேசப்பட்டது. காலேஜ் பசங்கள மூணு குழுவா பிரிச்சு, ஒரு குழு வாரம் ஒரு தடவ நன்றியா நெனக்கிறத அஞ்சு வரைக்கும் எழுதணும், இன்னொரு குழு கடுப்பேத்துனத எழுதணும், மூணாவது குழு சும்மா நடந்தத எழுதணும், 10 வாரம். நன்றிய எழுதுனவங்க மத்தவங்கள விட வாழ்க்கைய பத்தி நல்லவிதமா சொன்னாங்க, ஒடம்பு உபாதை கம்மி, உடற்பயிற்சியும் கூட பண்ணிருக்காங்க. அதுலயே இன்னொரு பகுதில நரம்பும் தசையும் சம்மந்தப்பட்ட நோய் இருக்குறவங்கள 21 நாள் தினமும் எழுத வெச்சாங்க, அவங்களுக்கு தூக்கம் கூடிருக்கு, அதுமட்டுமில்ல, அவங்க கூட வாழ்ற கணவனோ மனைவியோ கிட்டயும் கேட்டிருக்காங்க, அவங்களும் ஆமா இவரு முன்னவிட திருப்தியா இருக்காருன்னு சொல்லிருக்காங்க. எழுதுனவங்க சும்மா சொல்லல, பக்கத்துல இருக்கறவங்களுக்கே தெரிஞ்சிருக்குங்கிறது எனக்கு பெரிய விஷயமா படுது.

அப்புறம் மார்ட்டின் செலிக்மேன்னு ஒரு மனோதத்துவ பேராசிரியர், அவரு குழு 2005ல ஒரு ஆய்வு பண்ணாங்க, ஒரே ஒரு வாரம் ராத்திரில மூணு நல்லது எழுதணும், கூடவே ஒவ்வொண்ணும் ஏன் நடந்துச்சுன்னு காரணமும் எழுதணும். ஆறு மாசம் கழிச்சு பாத்தப்பவும் மனசோர்வு கொறஞ்சு சந்தோஷம் கூடி தான் இருந்துருக்கு, அதுலயும் வாரம் முடிஞ்சப்புறமும் தானா விரும்பி தொடர்ந்து எழுதுனவங்களுக்கு தான் பலன் ஜாஸ்தி. பாத்தீங்களா, "ஏன் நடந்துச்சு"ங்கிறது அதுல இருக்கு. இந்த டைரிக்காரங்க மூணு நல்லத எடுத்துக்கிட்டாங்க, காரணத்த விட்டுட்டாங்க. அடுத்த பதிப்புலயாவது ஒரு கோடு அதுக்கு விட்டா நல்லாருக்கும், அந்த அஃபர்மேஷன் கேள்விய எடுத்துட்டு அந்த எடத்துல போடலாம்னு தான் நான் சொல்லுவேன். "நான் தைரியசாலி, நான் வெற்றி பெறுவேன்"னு தினமும் எழுதறதுல எனக்கு பிடிப்பே வரல, சில பேருக்கு அது தெம்பு குடுக்கலாம், எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு இருக்கா, அவளுக்கு இந்த டைரிலயே பிடிச்சது அது தான்.

ஜப்பான்ல நைக்கான்னு ஒரு பழக்கம் இருக்கு, யோஷிமோட்டோ இஷின்னு ஒருத்தர் உருவாக்குனது. அதுல மூணே கேள்வி தான், அம்மாலேந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு ஆளா நெனச்சு பாக்கணும்: இவங்க கிட்டேந்து எனக்கு என்ன கெடச்சுது, நான் இவங்களுக்கு என்ன செஞ்சேன், இவங்களுக்கு நான் என்ன தொந்தரவு குடுத்தேன். அவங்க எனக்கு என்ன தொந்தரவு குடுத்தாங்கங்கிற கேள்விய வேணும்னே வெக்கல, அது நமக்கு யாரும் சொல்லாமலே ஞாபகம் இருக்கும்ல. ஒரு வாரம் மறைப்புக்கு பின்னாடி ஒக்காந்து இதையே யோசிக்கணும், அது நம்மளால முடியாது, ஆனா ஞாயித்துக்கிழம மட்டும் நான் டைரியோட கேள்விய விட்டுட்டு இந்த மூணையும் ஒரே ஒரு ஆள வெச்சு எழுதறேன். அது கஷ்டம். ரெண்டாவது கேள்விக்கு பேனா நின்னுடும். ஆனா அடுத்த நாள் அந்த ஆள பாக்கும்போது பேச்சு வேற மாதிரி இருக்கும், எங்க மாமியார் விஷயத்துல நான் இத நல்லா பாத்துட்டேன். அத்தை பத்து மணிக்கு மேல முழிச்சிருக்க மாட்டாங்க, ஆனா நான் லேட்டா வர்ற நாள்ல சோத்துக்கு தண்ணி ஊத்தாம எடுத்து வெச்சு, ரசத்த தனியா மூடி வெச்சுட்டு தான் படுப்பாங்க. வீட்டுல யாரும் யாருக்கும் இதுக்கெல்லாம் வாய் விட்டு சொல்றதில்ல, நானும் சொல்லல, ஆனா அவங்களுக்கு வெத்தல பாக்கு தீந்து போச்சான்னு இப்ப நான் தான் பாக்குறேன்.

ராத்திரி பகுதிய பத்தி ஒரு வார்த்தை. காலைய விட எனக்கு இது தான் ஒசத்தி. காலைல குக்கர், டிபன் டப்பா, புள்ளைக்கு யூனிஃபார்ம் தேச்சு குடுக்கறதுன்னு ஓடறப்ப அஞ்சு நிமிஷம்கறது நெசமாவே பெரிய நேரம். ராத்திரி எல்லாம் முடிஞ்சு எழுதறப்ப அன்னைக்கு நாள் முழுசா திரும்பி ஓடும். காலைல முடியலன்னா விட்டுடுங்க, ராத்திரி மட்டும் எழுதுங்க, பக்கம் பாதி காலியா கெடந்தா கெடக்கட்டும்.

இதே கம்பெனில போன்ல போடுற மொபைல் ஆப்பும் இருக்கு, வேற நெறைய கம்பெனி ஆப்பும் இருக்கு. நான் ஒரு ஆப்ப கொஞ்ச நாள் வெச்சிருந்தேன், பேரு வேணாம், நல்லது எழுதலாம்னு தொறந்தா மேல வாட்சப்பு வந்து நிக்கும், "உங்க தொடர்ச்சி அறுந்து போச்சு"ன்னு நோட்டிஃபிகேஷன் வரும். அறுந்தா என்ன. போன தள்ளி வெச்சுட்டு எழுதறதுக்கு தான் பேப்பர் வேணும்.

யாருக்கு இது வேணாம்னும் சொல்லிடணும், இது முக்கியம். வீட்டுல சாவு விழுந்து அந்த துக்கத்துல இருக்குறவங்க கிட்ட போயி மூணு நல்லது எழுதுன்னு டைரிய நீட்டாதீங்க, அழட்டும், அது தான் அப்ப வேணும். மனசோர்வு முத்தி தூக்கம் சாப்பாடு இல்லாம இருக்குறவங்களுக்கு டாக்டர் தான் வேணும், டைரி இல்ல. அதே மாதிரி அடிக்கிற புருஷன், சம்பளத்த இழுத்தடிக்கிற மொதலாளி, இந்த மாதிரி எடத்துல இருந்துக்கிட்டு "இருக்குறதுக்கு நன்றியா இரு"ன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. கைல இருக்குற நல்லத பாக்கறது வேற, அநியாயத்த சகிச்சுக்கிறது வேற. சில ஆபீஸ்ல ஓவர்டைம் குடுக்காம இந்த டைரிய கிஃப்ட்டா குடுக்குறாங்க, அத பாத்தா எனக்கு வயிறு எரியும், மொதல்ல காச குடுங்கய்யா.

இப்ப விலைக்கு வர்றேன். ஆயிரத்த தாண்டுது, ஒரு டைரிக்கு இது ஜாஸ்தி தான், அதுவும் தினமும் எழுதுனா ஆறு மாசம் போல தான் வரும், அப்புறம் மறுபடி வாங்கணும். கேள்வி என்னன்னு தெரிஞ்சுக்கிட்டா சாதா கோடு போட்ட நோட்டே போதும், என்னோட அடுத்த நோட்டு அது தான், ஸ்டேஷனரி கடைல வாங்குன கெட்டி அட்டை நோட்டு, பக்கத்த நடுவுல ஒரு கோடு, வலது ஓரத்துல "யாரால"ன்னு ஒரு கட்டம். அப்ப ஏன் இந்த டைரிய வாங்கணும்னா, கிஃப்ட்டா குடுக்கறதுக்கு நல்லது, கைல பிடிக்கவே ஆசையா இருக்கும், எழுதற பழக்கமே இல்லாதவங்களுக்கு காலி நோட்டு குடுத்தா என்ன எழுதறதுன்னு முழிப்பாங்க, இதுல கேள்வி அச்சடிச்சு இருக்குறதால உக்காந்ததும் எழுத ஆரம்பிச்சிடலாம். கொழந்தைங்களுக்குன்னு தனியா ஒண்ணு போடுறாங்க, நான் வாங்கல, என் பையனுக்கு ராத்திரி படுக்கறப்ப வாயாலயே கேட்டுடுறேன், இன்னைக்கு உனக்கு யாரு என்ன நல்லது பண்ணாங்கன்னு, வேன் டிரைவர் அண்ணன் ஜன்னல் சீட்டு குடுத்தது, மிஸ்ஸு ரப்பர் குடுத்ததுன்னு வந்துக்கிட்டே இருக்கும், அவனுக்கு டைரியே வேணாம்.

என்னோட மார்க் அஞ்சுக்கு மூணரை. ஒரு மார்க்க அந்த "யாரால" இல்லாததுக்கு கொறைச்சேன், அரை மார்க்க விலைக்கு. வாங்குறவங்க ஆஃபர் சமயத்துல வாங்குங்க, வந்ததும் பின்னட்டைக்கு முன்னாடி காலித் தாள் எத்தன இருக்குன்னு பாத்து வெச்சுக்கோங்க, அது தேவைப்படும். ஏற்கனவே எழுதறவங்க யாராவது வேற கேள்வி ஏதாவது சேத்து எழுதுறீங்கன்னா அதையும் சொல்லுங்க, அடுத்த நோட்டுல போட்டு பாக்குறேன்.